அப்பா நினைவில் இருக்கும் வால்வுகளை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊர். அப்பா மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். எந்த வால்வு எங்கே என்று கேட்டால், "பலாமரத்துக்கு மூணு அடி கிழக்கால" என்பார். அந்த மரம் 2011 டிசம்பரில் 'தானே' புயலில் விழுந்துவிட்டது. தெருவுக்கு சிமென்ட் போட்டபோது இரண்டு வால்வுகள் அடியில் போய்விட்டன. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. கணினியில் வரைபடம் தயாரிக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளை இறக்கி வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில் (பண்ருட்டி):
தம்பி, முதலில் அப்பாவோடு தெருத்தெருவாக நடங்கள். போனில் க்யூஜிஐஎஸ்ஸோடு சேர்ந்து இயங்கும் க்யூஃபீல்டு செயலியைப் போட்டுக்கொண்டால் வால்வு, குழாய் அளவு, போட்டோ எல்லாம் அங்கேயே பதியலாம். க்யூஜிஐஎஸ் புராஜெக்ட்டுக்கு 32644 என்ற எண்ணுள்ள ஆயத்தொலை முறையை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) தேர்ந்தெடுங்கள், நீளம் மீட்டரில் வரும்.

பதில் (புதுச்சேரி):
போன் ஜிபிஎஸ்ஸை நம்பித் தோண்டாதீர்கள், வெட்டவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். கோயில் மதில் மூலை, ரேஷன் கடைப் படி என்று நகராத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்து அளந்து, இரண்டு அளவையும் எழுதி வையுங்கள். அந்த இரண்டு இடங்களையும் மையமாக வைத்து, அளந்த தூரத்தில் வட்டம் போட்டால், இரண்டு வட்டமும் வெட்டும் புள்ளிகளில் ஒன்றில்தான் வால்வு. மரத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணே. ஞாயிறு அன்று பதினான்கு வால்வுகள் பதிந்தோம். புதைந்ததில் ஒன்று பால்வாடிச் சுவரை ஒட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் கிடைத்தது. அப்பா மண்ணைக் கையாலேயே துடைத்து, கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பாதி மூடிக் கிடந்தது. இன்னொன்றை இன்னும் தேடுகிறோம்.