கலிஃபோர்னியா கவுண்டி சட்ட நூலகங்கள்: பொறுப்பு யாருடையது, பணம் எங்கிருந்து?

கேள்வி (கல்தச்சன்):
கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) பொதுச் சட்ட நூலகம் உண்டு. பெரும்பாலும் கோர்ட் கட்டடத்திலோ பக்கத்திலோ இருப்பதால் கோர்ட்டின் ஒரு பிரிவு என்றே பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி சேர்ந்து வருவதுபோல அங்கே ஏதாவது உண்டா? திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் யாரிடம் முறையிடுவது?

பதில் 1 (நூலடுக்கு):
கோர்ட்டும் நடத்துவதில்லை, கவுண்டி நிர்வாகமும் நடத்துவதில்லை. 1891-இல் வந்த மாநிலச் சட்டத்தின் வழியில் இது தனி அமைப்பு. இன்றைய விதிகள் வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பில் 6300-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகின்றன.

ஆள்வது அறங்காவலர் குழு. சுப்பீரியர் கோர்ட் (கவுண்டியின் விசாரணை நீதிமன்றம்) நீதிபதிகள் தங்களுக்குள் ஐந்து பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். கவுண்டியை ஆளும் தேர்தல்வழி அவையான மேற்பார்வையாளர் குழுவின் தலைவர் பதவி வழியில் ஓர் உறுப்பினர். குறைந்தது ஆறு, மிஞ்சினால் ஏழு பேர் என்ற கணக்கு நிரம்பும் வரை மீதி இடங்களுக்கு மேற்பார்வையாளர் குழு வக்கீல்களை நியமிக்கும். நீதிபதி விரும்பினால் தமக்குப் பதில் ஒரு வக்கீலையோ கவுண்டிவாசியையோ அனுப்பலாம். இந்த வழி இருப்பதால்தான் சாதாரணக் குடிமகனும் குழுவில் உட்கார முடிகிறது. பல இடங்களில் யாரும் கேட்பதில்லை என்பதால் அது வெறும் ஏட்டில் கிடக்கிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது.

நூலகரை நியமிப்பது, நேரம் வகுப்பது, செலவுக்கு ஒப்புதல் தருவது எல்லாம் இந்தக் குழுவின் கையில். கவுண்டிவாசி எவரும் உள்ளே உட்கார்ந்து படிக்கக் கட்டணமில்லை என்று சட்டமே சொல்கிறது. புத்தகத்தை வெளியே கொடுப்பதற்குத்தான் வைப்புத்தொகை கேட்கலாம்.

பதில் 2 (வரவேடு):
நூலக வரி மாதிரி எதுவும் இல்லை. பணத்தின் பெரும்பகுதி உரிமையியல் வழக்கில் முதல் மனுவுக்குக் கட்டும் கோர்ட் கட்டணத்திலிருந்து வருகிறது. வாதியின் மனு ஒன்று, பிரதிவாதியின் முதல் பதில்மனு ஒன்று; ஒவ்வொன்றிலும் சில டாலர் சட்ட நூலக நிதிக்குப் பிரியும். அந்தத் தொகை கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும். குற்ற வழக்கிலிருந்தும் போக்குவரத்து அபராதத்திலிருந்தும் ஒன்றும் வராது.

கோளாறு இங்கேதான். வரவு வழக்குகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது, படிக்க வருபவர்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல. உதாரணத்துக்கு, மனு ஒன்றுக்கு நூலகத்தின் பங்கு 30 டாலர், ஆண்டுக்கு 6,000 முதல் மனுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,80,000 டாலர். மனுக்கள் 4,500 ஆனால் 1,35,000. வாசகர் ஒருவர்கூடக் குறையாமலே கால்வாசி வரவு போய்விடும். இன்னொன்று, வருமானம் குறைந்தவருக்குக் கோர்ட் கட்டண விலக்கு கொடுத்தால் அந்த மனுவிலிருந்து நூலகத்துக்குக் காசு இல்லை. விலக்கு கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நூலகத்தை மிகவும் நம்பியிருப்பவர் அவர்தான். அவர் பங்கை வேறு எங்கிருந்தாவது ஈடுகட்டாமல் விட்டது சட்டத்தின் குறை.

முன்பு மேற்பார்வையாளர் குழு இந்தப் பங்கைச் சிறிது சிறிதாக உயர்த்த முடிந்தது. 2006 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க ஒரே கட்டண அட்டவணை வந்தபின் அந்த வழி அடைபட்டது. 2018-19 மாநில பட்ஜெட்டில் 1.65 கோடி டாலர் ஒரே ஒரு முறைக்கான தொகையாகக் கொடுத்தார்கள். ஒருமுறைப் பணத்தை நம்பி நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்க முடியாது.

பதில் 3 (நூலடுக்கு):
கவுண்டியின் கடமையையும் சொல்லிவிடுகிறேன். அறங்காவலர் குழு கேட்டால் போதுமான இடம் கொடுத்தாக வேண்டும் (பிரிவு 6361), நூலகத்திடமே இடத்துக்கு மிச்சப் பணம் இருந்தாலொழிய. மேசை நாற்காலி, விளக்கு, துப்புரவு இவற்றையும் அதில் சேர்க்கலாம். ரொக்கம் மட்டும் கவுண்டியின் விருப்பம்: கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். சில கவுண்டிகள் கட்டாயத்தை மட்டும் செய்துவிட்டு விருப்பத்தை மறந்துவிடுகின்றன.

பதில் 4 (தாள்செருகி):
செலவுப் பக்கமும் பாருங்கள். சட்டப் புத்தகம் ஒருமுறை வாங்கினால் முடிவதில்லை. ஆண்டுதோறும் பின்னட்டைப் பையில் செருகும் திருத்த இணைப்பு வரும், மாற்றுத் தாள்கள் வரும். அந்தச் சந்தாவை நிறுத்தினால் புத்தகம் அலமாரியில் அப்படியே நிற்கும், உள்ளே இருக்கும் சட்டம் மட்டும் பழசாகிவிடும். சந்தா நின்ற தொகுதியின் முதுகில் ‘இந்த ஆண்டுக்குப் பின் திருத்தம் இல்லை’ என்று சீட்டு ஒட்டாவிட்டால், நீக்கப்பட்ட விதியை நம்பி ஒருவர் மனு எழுதிவிடுவார்.

வெஸ்ட்லா, லெக்ஸிஸ் போன்ற இணையச் சட்டத் தரவுத்தளங்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஆண்டு உயர்வு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வரவு ஏறாது, விலை ஏறும். மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் ‘நிதி குறைந்தால் இடையில் விலகலாம்’ என்ற வாசகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கடைசியில் வெட்டு விழுவது ஊழியர் நேரத்தில்தான். சனிக்கிழமை பூட்டுவது அப்படித்தான் வருகிறது.

கல்தச்சன்:
அப்படியானால் முறையீட்டை எந்த மேசையில் வைப்பது?

பதில் 5 (வரவேடு):
அறங்காவலர் குழுக் கூட்டத்தில். உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் இதற்கும் பொருந்தும்: வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். போகுமுன் ஆண்டறிக்கையை வாங்குங்கள். ஜூன் 30-இல் முடியும் நிதியாண்டுக்கான அறிக்கையைக் குழு மேற்பார்வையாளர்களிடம் கொடுக்கக் கடமைப்பட்டது. அதில் கையிருப்பு, சந்தாச் செலவு, ஊதியம் மூன்றையும் முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். கையிருப்பு இருக்க நேரத்தை வெட்டியிருந்தால் குழுவிடம் பேசுங்கள். கையிருப்பே கரைந்திருந்தால் மேற்பார்வையாளர் குழு பட்ஜெட் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போய் ரொக்கம் கேளுங்கள்.