பயாலஜி டீச்சராக ஆசை: கம்யூனிட்டி காலேஜா, நேரே யூசியா?

ஃப்ரீமான்ட்_அம்மா:
மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பயாலஜி படித்து ஹைஸ்கூல் டீச்சர் ஆக வேண்டும் என்கிறாள். யூசியில், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், ரிவர்சைடு கேம்பஸில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டிலிருந்தே இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் அரசுக் கல்லூரி) போய்விட்டு அப்புறம் யூசிக்கு மாறிக்கொள்கிறேன் என்று அடம். அங்கே பாடத்தை யூனிட் கணக்கில் அளக்கிறார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 தான் ஆகிறது. யூசியில் ஒரு வருடக் கட்டணமே 15 ஆயிரத்தை ஒட்டி வரும். இவருக்கோ மனசே இல்லை. "ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" என்கிறார். மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

செட்டிநாட்டுக்காரன்:
கையில் இருக்கும் இடத்தை விடாதீர்கள் அக்கா. ஊருக்காகச் சொல்லவில்லை. 18 வயதில் டீச்சர் என்பாள், 20-இல் ஆராய்ச்சி என்பாள். யூசியில் முதல் வருடமே பேராசிரியர் லேபில் எட்டிப் பார்க்கலாம். கால் டீச் என்று ஒரு திட்டம் இருக்கிறது, பெர்க்லியில் 2005-இல் தொடங்கியது. சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளை ஆரம்பத்திலேயே பள்ளி வகுப்பறைக்கு அனுப்புவார்கள். மூன்றாம் வருடம் போய்ச் சேருகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே?

கண்ணாடிக்_குடுவை:
நான் கம்யூனிட்டி காலேஜ் வழியில் வந்தவள்தான். கெமிஸ்ட்ரி டீச்சர். ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே அரசுப் பள்ளி டீச்சர் சம்பளம் ஓர் அட்டவணைப்படி வருவது. எத்தனை வருட அனுபவம், பட்டத்துக்குப் பிறகு எத்தனை யூனிட் படித்தீர்கள், அவ்வளவுதான் பார்ப்பார்கள். முதல் இரண்டு வருடம் எங்கே படித்தீர்கள் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. பட்டத்துக்கு மேல் கிரெடென்ஷியல் என்ற ஆசிரியர் உரிமம் வேறு இருக்கிறது, அதற்கும் செலவு. மிச்சம் பிடித்த பணம் அப்போது கைகொடுக்கும்.

இரண்டு வருடமும் என் கெமிஸ்ட்ரி வகுப்பில் முப்பது பேருக்குக் கீழேதான். லேபில் டைட்ரேஷன் செய்யும்போது நிறம் மாறும் கணத்தை நான் தவறவிட்டபோது பக்கத்தில் நின்றது பேராசிரியரே, உதவி மாணவர் இல்லை.

செட்டிநாட்டுக்காரன்:
உங்களுக்கு வாய்த்தது. என் மகனுக்கு நடந்ததைக் கேளுங்கள். காலேஜ் பெயர் வேண்டாம். முதல் டேர்மில் கெமிஸ்ட்ரி லேப் நிரம்பிவிட்டது, வெயிட்லிஸ்டில் ஏழாவது ஆள். முதல் நாள் கண்ணாடி, கோட்டோடு சுவர் ஓரம் நின்றிருக்கிறான். யாராவது வராமல் போனால் ஆசிரியர் ஒரு எண் கொடுப்பார், அதை வைத்துத்தான் பதிவு செய்ய முடியும். நான்கு எண்தான் கொடுத்தார். அந்த ஒரு லேப் போனதில் அடுத்த கெமிஸ்ட்ரி போச்சு, அதை முடித்தால்தான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அதுவும் போச்சு. இரண்டு வருடம் மூன்றாகிவிட்டது. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தலைவலி இல்லை, சயின்ஸ்காரர்களுக்குச் சங்கிலி மாதிரி.

கண்ணாடிக்_குடுவை:
இதை மறுக்க மாட்டேன். சயின்ஸ் பிள்ளைகள் மாட்டுவது இந்த இடத்தில்தான். பொதுப் பாடங்களை முதலில் முடித்துக்கொள் என்று கவுன்சிலர் சொன்னால் தலையாட்டக் கூடாது, கெமிஸ்ட்ரியும் கணக்கும் முதல் டேர்மிலேயே தொடங்க வேண்டும். எந்தப் பாடம் எந்தக் கேம்பஸில் செல்லும் என்பது அசிஸ்ட் என்ற இணையதளத்தில் இருக்கிறது.

இன்னொன்று. ரிவர்சைடு, டேக் தரும் ஆறு யூசிகளில் ஒன்று. டேக் என்றால், சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி என்ற ஏற்பாடு. ஒரே ஒரு கேம்பஸுக்குத்தான் கேட்கலாம், செப்டம்பரில் விண்ணப்பம். ஆக அக்கா மகள் இன்று வேண்டாம் என்கிற அதே வாசலில் இரண்டு வருடம் கழித்து நுழையலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றிலும் இது கிடையாது.

செட்டிநாட்டுக்காரன்:
"முடித்தால்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பயம்.

ஃப்ரீமான்ட்_அம்மா:
இருவருக்கும் நன்றி. மகளிடம் இதைக் காட்டினேன். அசிஸ்டிலிருந்து ஏற்கெனவே ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறாள், எனக்குத்தான் சொல்லவில்லை. அதில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு நேரே கேள்விக்குறி. இவர் அந்தத் தாளை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செட்டிநாட்டுக்காரன்:
நான் இன்னும் ரிவர்சைடு பக்கம்தான் அக்கா. ஆனால் அந்தக் கேள்விக்குறியை மே 1-க்கு முன்னால் அழிக்கப் பாருங்கள். ஆர்கானிக் எந்த டேர்மில் வைக்கிறார்கள், எத்தனை லேப் பிரிவு என்று அந்தத் துறைக்கே போன் போட்டுக் கேளுங்கள், கவுன்சிலரிடம் அல்ல.