புதுப்பிப்பு: டெவ்ஆப்ஸ் மதிப்பெண் விவகாரம்

தண்டையார்பேட்டை ஆபீஸில் டெவ்ஆப்ஸ் (மென்பொருளை எழுதுபவர்களும் இயக்குபவர்களும் சேர்ந்து வேலை செய்யும் முறை) எப்படி நடக்கிறது என்று பார்க்க, “எத்தனை டூல் வெச்சிருக்கீங்க” என்று எண்ணி டீம்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள் எனப் போன இழையில் புலம்பியிருந்தேன். அந்தக் கேள்வித்தாள் ஒழிந்தது. இப்போது டோரா என்ற டெவ்ஆப்ஸ் ஆய்வு அமைப்பின் (2018-இல் கூகுள் வாங்கியதே, அதுதான்) நான்கு அளவுகள்: எவ்வளவு அடிக்கடி வெளியிடுகிறோம், கமிட் ஆனது (எழுதிப் பதிவு செய்த கோடு) புரொடக்‌ஷன் (பயனர்கள் உபயோகிக்கும் இடம்) போக எவ்வளவு நேரம், வெளியீடுகளில் எத்தனை சதவீதம் சொதப்புகிறது, சொதப்பினால் மீள எவ்வளவு நேரம்.

எண்களைப் பார்த்தால் பில்டு (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) வேகமாகத்தான் நடக்கிறது. நேரமெல்லாம் அப்ரூவலுக்குக் காத்திருப்பதில் போகிறது! டூல்களை எண்ணிக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) போட்டால் அது சொதப்பல் கணக்கா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. மேனேஜர் டீம்களுக்கு ரேங்க் போடக் கிளம்பினார். “ஹார்பர் கேட்பாஸ் சிஸ்டமும் மொபைல் ஆப்பும் ஒண்ணாண்ணே?” என்று ராயபுரத்துத் தம்பி கேட்டான். ரேங்க் இப்போதைக்கு நிறுத்தம்.