தங்கச்சிமடம் வீடு: பீரோ காலி பண்ணுவது

சித்தி: ஞாயிறு நிச்சயதார்த்தம். வியாழன் வெள்ளையடிக்க ஆள் வருகிறார். நடு அறை பீரோவில் தாத்தாவுடைய இல்லத்துப் புத்தகக் கட்டு கிடக்கிறது. வேண்டாமென்றால் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறேன்

பெரியப்பா: போடாதே!!

பெரியப்பா: அது குழந்தைகள் இல்லத்து மாத இதழ். அப்பா எழுதியது

சித்தி: சரி அத்தான். கரையானுக்கும் சொல்லிவிடுங்கள்

தொண்டி அத்தை: தோப்புப் பத்திரமும் அந்த பீரோவில்தானே இருந்தது?

சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: லண்டனில் 1881-இல் தொடங்கிய ஒரு குழந்தைகள் சங்கம், இப்போது சில்ட்ரன்ஸ் சொசைட்டி என்று பெயர். தன் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்க இணையத்தில் வைத்திருக்கிறது. நாமும் செய்யலாம். முதலில் பின்னைக் கழற்ற வேண்டும், உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தாளையும் அரித்திருக்கும். போனில் எடுத்தால் மடிப்பில் நிழல் விழும். ஸ்கேனர்தான், அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு (டிபிஐ) குறையக் கூடாது. பிறகு ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்துத் தட்டச்சாக்குவது. 1978-க்கு முந்திய அச்சு, ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும். கணினி தடுமாறும். ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்

துபாய் அண்ணன்: ஒருவர் = நீங்கள் 😂

சித்தி: ஞாயிறு சாப்பாட்டுக்குச் சீலா சொல்லட்டுமா?

சித்தப்பா: தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. மட்டன்

தொண்டி அத்தை: மாப்பிள்ளை வீட்டில் மட்டன் தொட மாட்டார்கள். அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டது

சித்தி: 📷 படம்

சித்தி: மேலே இருந்தது. 1965 ஜனவரி

சென்னை அக்கா: புயல் இதழா?

சென்னை அக்கா: ‘தனுஷ்கோடியில் தாய் தகப்பனை இழந்த 7 வயதுச் சிறுவன், மாதம் ஐந்து ரூபாய் கொடுத்தால் இவன் பசியாறுவான்’. முழுப்பெயர் போட்டிருக்கிறது. இது நம்ம பாம்பன் மாமா இல்லையா?

துபாய் அண்ணன்: காதைப் பார். மாமாவேதான்

தொண்டி அத்தை: வசூலுக்கு அப்போது அப்படித்தான் எழுதுவார்கள். அப்பாவைக் குறை சொல்லாதே

சென்னை அக்கா: குறை சொல்லவில்லை அத்தை. அன்றைக்கு நன்கொடை கொடுத்தவர்கள் மட்டும் பார்த்தார்கள். இன்றைக்குப் பெயரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லண்டன்காரர்களே குழந்தைகளுடைய கோப்புகளில் பெயரை எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள் பெரியப்பா, நானும் பார்த்தேன்

பெரியப்பா: அது கோப்பு. இது அச்சில் வந்தது. மறைத்தால் அப்புறம் என்ன வரலாறு

சித்தப்பா: மச்சான் குழுவில்தானே இருக்கிறார். அவரையே கேளுங்கள்

பாம்பன் மாமா: பார்த்தேன்

பாம்பன் மாமா: அந்தச் சட்டை என்னுடையது இல்லை. படம் எடுத்ததும் கழற்றி அடுத்த பையனுக்குப் போட்டார்கள்

சென்னை அக்கா: மாமா 🙏

பாம்பன் மாமா: என் படம் போடலாம், பெயரோடு. பின்பக்கம் தங்கச்சி இருக்கிறாள். அது வேண்டாம். அவள் மருமகள் வீட்டுக்கு எதுவும் தெரியாது

பெரியப்பா: மாப்பிள்ளை, ஒரு பக்கத்தை எடுத்தால் இதழ் முழுமையாக இருக்காது

பாம்பன் மாமா: இருக்காது

துபாய் அண்ணன்: மட்டனா கோழியா, முடிவு பண்ணுங்கள்

சென்னை அக்கா: எல்லாப் பக்கமும் ஸ்கேன் செய்து வீட்டில் வைப்போம். ஏற்றுவது அப்புறம். மற்றப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று மாமாவுக்குத் தெரிந்தவரை கேட்டுப் பார்க்கலாம்

பெரியப்பா: அப்புறம் என்றால் எப்போது? எனக்கு 76

சித்தி: எப்போதோ செய்யுங்கள். வியாழனுக்குள் கட்டை யார் எடுப்பது?

பாம்பன் மாமா: நாளைக்கு நான் வருகிறேன். சாக்கில் திணிக்காதே, அட்டைப்பெட்டி எடுத்து வை

பெரியப்பா: நானும் வருகிறேன்

சித்தப்பா: இரண்டு பேரும் ஒரே ஆட்டோவிலா? 😬