கிராம சபையில் பள்ளிக்கூடம், ஓட்டு, கூலி: விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மானூர்காரர்

நம்ம பக்கம் கிராம சபையில் குரல் உயருவது மூன்றுக்குத்தான்: பள்ளிக்கூடம், வாக்காளர் பட்டியல், கூலி. அங்கே அரசியல் பேசாதே என்று யாரையும் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். ஆனால் பேசினது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அதற்கு ஆயுசு. அந்த ஒரு சங்கதியை நான் சொல்கிறேன். மற்றதை அந்தந்தச் சோலி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் சபை உண்டு. ஊர் ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது சபை செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை. கோளாறு இங்கேதான் தொடங்கும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கி, பத்து நிமிஷத்தில் கலைத்துவிடுவார்கள். பிறகு நாற்பது பேர் உட்கார்ந்து காரசாரமாக விவாதிப்பார்கள். நாளைக்கு எவனாவது அந்தத் தீர்மானத்தை எதிர்த்தால் கையெழுத்துத் தாள் நம்மைக் காப்பாற்றும், விவாதம் காப்பாற்றாது. ஆகவே தீர்மானங்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், ஆள் இருக்கும்போதே.

வாசகத்தைச் செயலரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். 'பள்ளிக்குச் சுவர் கட்டித் தரக் கோரப்பட்டது' என்று எழுதினால் அது எந்த மேசைக்கும் போகாது. எந்தப் பள்ளி, எந்தப் பக்க எல்லை, எத்தனை மீட்டர், சர்வே எண், எந்தத் துறை செய்ய வேண்டும், முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், இத்தனையும் வேண்டும். எழுதி முடித்ததும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நகல் தர இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

நீட் வேண்டாம், மும்மொழி வேண்டாம் என்ற தீர்மானங்களும் போடலாம். ஊரின் கருத்து என்று பதிவாகும், அவ்வளவுதான். அதையும் சுவரையும் ஒரே தீர்மானத்தில் கட்டிப்போடாதீர்கள். சுவரும் சேர்ந்து கோப்பில் தூங்கும்.

ராதாபுரம் பூத் ஏஜெண்ட்

எங்க தொகுதிக்காரனுக்கு ஒரு ஓட்டின் விலையை யாரும் சொல்லித் தர வேண்டாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இன்பதுரைக்கும் தி.மு.க. வேட்பாளர் அப்பாவு என்பவருக்கும் இடையே 49 ஓட்டுதான் வித்தியாசம். அந்த வழக்கு முழுக்கச் சுற்றினது 203 தபால் ஓட்டைத்தான். உறுதிமொழியில் சான்றொப்பம் போட்ட நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர்கள் கெசட்டட் அலுவலர் இல்லை என்று அவற்றைத் தள்ளியிருந்தார்கள். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எம்.எல்.ஏ. பதவிக்காலமும் ஓடிப்போனது.

தேர்தல் பணிக்குப் போகிற வாத்தியார்மார் இதை மனதில் வைக்கணும். பணி சொந்தத் தொகுதிக்குள்ளேயே என்றால் படிவம் 12அ கொடுத்துப் பணிச்சான்று வாங்கிக்கொண்டு, வேலை பார்க்கிற பூத்திலேயே மிஷினில் குத்தலாம். வெளித்தொகுதி என்றால் படிவம் 12, தபால் ஓட்டு. 2023-ல் விதி மாறின பிறகு அதைத் தேர்தல் உதவி மையத்திலேயே போட்டுக் கொடுத்துவிட்டு வரணும், வீட்டுக்குக் கொண்டுபோகிற கதை இல்லை. சான்றொப்பம் போட அங்கேயே அதிகாரி இருப்பார். தள்ளுபடிக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். 13அ உறுதிமொழியில் கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லாதது, ஓட்டுச்சீட்டின் வரிசை எண் 13அ-வில் ஒன்றும் 13ஆ எனும் உள் உறையில் வேறொன்றுமாக இருப்பது, உறுதிமொழியையும் சேர்த்து உள் உறைக்குள் ஒட்டிவிடுவது. ஓட்டு மட்டும் உள் உறையில். அந்த உறையும் உறுதிமொழியும் தனித்தனியாக வெளி உறையில்.

இனி பட்டியல். 2025 நவம்பர் 4-ல் தொடங்கின சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர் இல்லாமல் போனது. செத்தவர், இடம் மாறினவர், இரட்டைப் பதிவு என்று வகை பிரித்தார்கள். நம்ம ஊரில் இடித்தது 'இடம் மாறினவர்' என்ற வகைதான். திருப்பூரிலும் மும்பையிலும் கடை வேலைக்குப் போய், கோயில் கொடைக்கு மட்டும் ஊர் வருகிறவன் எங்கே வசிக்கிறவன்? 1950-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ம் பிரிவு, தற்காலிகமாக ஊரில் இல்லாததாலேயே ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகாது என்கிறது. அதே நேரம், சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே வசிக்கிறவர் ஆகிவிடவும் மாட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு ஆள் மட்டும் போனவருக்கு வாதம் வலுவாக இருக்கும். குடும்பத்தோடு போய் அங்கே ரேஷன் கார்டும் வாங்கினவருக்கு அது எடுபடாது.

பெயர் சேர்க்க மறுத்தாலும், நீக்கினாலும் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அது இருந்தால்தான் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கடையநல்லூர் வாசகி

அண்ணாச்சி, கல்யாணம் முடிந்து அம்பாசமுத்திரத்துக்குப் போன பிள்ளைக்குப் படிவம் 6 போடணுமா, 8 போடணுமா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ராதாபுரம் பூத் ஏஜெண்ட்

8 தான் தாயி. 6 என்பது இதுவரை எங்கேயும் பெயரே இல்லாதவருக்கு. ஏற்கெனவே பெயர் இருந்து வீடு மாறினால், அதே தொகுதியோ வேறு தொகுதியோ, 2022 ஆகஸ்டிலிருந்து எல்லாம் 8-ல்தான். 6 போட்டால் இரண்டு இடத்தில் பெயர் நிற்கும். அடுத்த திருத்தத்தில் இரட்டைப் பதிவு என்று இரண்டில் ஒன்று போகும், எது போகும் என்பது உங்கள் கையில் இல்லை. பொய் உறுதிமொழிக்கு ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அதே 1950 சட்டத்தில் 31-ம் பிரிவே இருக்கிறது.

கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்கும் ஒன்று. வேட்புமனு வாங்கும் கடைசி நேரம் முடிந்தபின் பட்டியலில் கை வைக்க முடியாது. மனுவை ஆட்சேபணைக்குக் காட்டி வைக்கவே ஒரு வாரம் வேண்டும் என்பதால் அதற்கு 10 நாள் முன்பே கொடுத்துவிடணும்.

ஓட்டுப் போடப் போனால் 'உங்க ஓட்டு விழுந்தாச்சு' என்கிறார்களா? கத்திவிட்டுத் திரும்பாதீர்கள். அடையாளத்தைக் காட்டி 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். படிவம் 17ஆ-வில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதச் சீட்டு தருவார்கள். அது அன்றைக்கு எண்ணப்படாது, வழக்கு வந்தால் பேசும். 49 ஓட்டு வித்தியாசத்தில் அதற்கும் மதிப்பு உண்டு. எதிரில் வருகிறவர் ஆள்மாறாட்டம் என்று ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். வீணாகவோ நல்லெண்ணம் இல்லாமலோ ஆட்சேபித்ததாக பூத் அதிகாரி நினைத்தால் 2 ரூபாய் போச்சு, இல்லாவிட்டால் திரும்பக் கிடைக்கும், அவ்வளவே.

முக்கூடல் மைனி

ஆம்பளைகள் ஓட்டைப் பற்றியே பேசுங்க. சொளகை மடியில் வைத்துக்கிட்டுப் பீடி சுற்றுகிறவளுக்குக் கூலிதான் முதல் பேச்சு.

2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966-லிருந்து இருந்த தனிச்சட்டம் அதில் ஒன்றுக்குள் கரைந்துபோச்சு. மேடையில் ஒரு கட்சி 'எல்லாம் போச்சு' என்கும், இன்னொரு கட்சி 'எல்லாம் வந்தாச்சு' என்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறே. பழைய சட்டத்தின் 39-ம் பிரிவில் மூன்று தகராறைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தது: இலையும் தூளும் கொடுப்பது, சுற்றின பீடியைச் சரியில்லை என்று கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி. இதைத் தீர்க்க ஒரு அதிகாரி உண்டு என்றும் இருந்தது. இப்போ அந்தத் தகராறை யார் மேசையில் கொடுக்கணும்? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்க. பதில் சொல்கிறவருக்கு விவரம் தெரியும்.

கழிவு எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு கட்டு 25 பீடி, ஆயிரத்துக்கு 40 கட்டு. கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, நுனி மடிப்பு சரியில்லை, தூள் கம்மி என்று ஒதுக்குவாங்க. இலை காய்ந்து ஓட்டை விழுந்ததாகக் கொடுத்திருந்தால் வெட்டும்போதே சேதம். அந்தக் குறையை நாம சொந்தக் காசில் இலை வாங்கிச் சரிக்கட்டுகிறோம். அதனால் ஆயிரத்துக்கு என்ன ரேட்டு என்று கேட்டால் மட்டும் போதாது, எத்தனை இலை, எத்தனை தூள் என்று நிறுத்து வாங்கணும். வாங்கின அன்றைக்கே அட்டையில் எழுதி வாங்கணும். பஞ்சப்படி சென்னை விலைவாசிக் குறியீட்டை வைத்து வருஷா வருஷம் ஏப்ரல் 1-ல் மாறும். மே மாசக் கூலியில் அது ஏறியிருக்கான்னு பாருங்க.

பி.எஃப். தான் பெரிய விஷயம். பீடித் தொழிலுக்கு 12 இல்லை, 10 சதவீதம். நம்ம கூலியில் 10 பிடிப்பாங்க, முதலாளி 10 போடணும். முதலாளி பங்கில் 8.33 பென்ஷனுக்குப் போய்விடும், மிச்சம் 1.67 தான் நம்ம கணக்கில். 'முதலாளி காசே போடலை' என்று சண்டை வருவது இதைத் தெரியாததால்தான். 10 வருஷச் சேவை இருந்தால் 58 வயசில் பென்ஷன், குறைந்தது 1,000 ரூபாய். அந்த ஆயிரம் 2014-லிருந்து அப்படியே நிற்குது, அதை ஏற்றச் சொல்லிப் பேசுகிறவர் எந்தக் கட்சி என்றாலும் நான் கேட்பேன்.

கெட்டுப்போகும் இடம் இன்னும் ரெண்டு. கார்டு ஒருத்தி பேரில், சுற்றுவது மூணு பேர். மூணு பேர் உழைப்பும் ஒருத்தி கணக்கில் விழும், மற்ற ரெண்டு பேருக்கும் கடைசியில் பூஜ்யம். அடுத்தது, ஏழெட்டு வருஷத்தில் கடை மாறும்போதோ கல்யாணத்துக்குப் பணம் வேணும்னோ படிவம் 10இ போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுவாங்க. சேவை அதோடு அறுந்துபோகும். அதே 10இ-யில் பணத்துக்குப் பதிலாக 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்டால் பழைய வருஷம் காப்பாற்றப்படும், அடுத்த கடையில் அதோடு சேர்ந்து எண்ணும். ஆதாரில் பிறந்த வருஷமும் பழைய அட்டையில் இருப்பதும் வேறாக இருந்தால் இப்பவே முதலாளி கையெழுத்தோடு கூட்டு உறுதிமொழி கொடுத்து மாற்றணும். 57 வயசில் கடை மூடிப்போயிருந்தால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

பிள்ளைகளுக்கு உதவித்தொகை 1,000-லிருந்து தொழிற்படிப்புக்கு 25,000 வரை உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போடணும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடி மேல் இருந்த நல வரியை எடுத்துட்டாங்க. முன்னே அந்த வரியில் ஓடின நலத்திட்டம் இப்போ டெல்லி பட்ஜெட் கையில் நிற்குது. முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லைன்னு சொல்லுகிறவர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

அம்பை விவசாயி

கூலி என்றதும் நூறு நாள் வேலையையும் பேசணும். அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேறின புதுச் சட்டம் 125 நாள் என்கிறது. செலவில் மாநிலத்துக்கு 40 சதவீதப் பங்கு. கூடவே விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலை கிடையாது என்றும் ஒரு விதி. நடவுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிற எங்களுக்கு அது சரி என்றுதான் படுகிறது.

மானூர்காரர்

அண்ணாச்சி, எந்த 60 நாள்? உங்க கால்வாய்ப் பாசனத்தில் கார் சாகுபடி ஒன்று, பிசானச் சாகுபடி ஒன்று, இரண்டு நடவு, இரண்டு அறுப்பு. எங்க மானாவாரியில் ஐப்பசி மழையை நம்பி ஒரே விதைப்பு. ஒரே அறிவிப்பை இரண்டுக்கும் போட்டால், உங்களுக்கு ஆள் தேவைப்படுகிற ஆனி மாசத்தில் எங்களுக்கு நிலத்திலும் வேலை இருக்காது, திட்டத்திலும் இருக்காது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தனித்தனியே அறிவிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எங்க ஊராட்சிக்கு இன்ன மாதங்கள் என்று தேதி போட்டே தீர்மானம் போடலாம். வேலை கேட்கும்போது தேதியிட்ட ரசீது வாங்காதவருக்குப் பழைய சட்டத்தில் வேலையில்லாப் படி கிடைத்ததில்லை, புதியதிலும் கிடைக்காது.

நாங்குநேரி வாத்தியார்

பள்ளிக்கூடம் பற்றி யாரும் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் கல்விச் சீர்திருத்தம் என்றால் முதலில் சாதிதான். 2023 ஆகஸ்டில் இங்கே ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வெட்டின கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, நெற்றித் திலகம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதிப்பெயர் கூடாது, உட்காரும் வரிசை அகரவரிசைப்படி, அந்த வட்டாரத்தில் பெரும்பான்மையான சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடாதே என்றெல்லாம் இருந்தது. கயிறு விஷயத்தில்தான் மேடைச் சண்டை முழுவதும். நடைமுறையில் வாசலில் கத்தரிக்கோலோடு நின்றால் கயிறு சட்டைக் கைக்குள் போகும், வண்ணம் செருப்பு வாருக்குப் போகும். இருக்கை வரிசையை மாற்றுவதற்கு யாரும் கொடி பிடிப்பதில்லை, ஆனால் பலன் தருவது அது. மதிய உணவு வரிசையையும் அதே அகரவரிசையில் வைக்கணும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் 24 பேர், முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள், தலைமை ஒரு தாய். கூட்டத்துக்கு ஒரே தெருவிலிருந்து ஆள் எடுத்தால் எல்லாம் கெட்டது. உறுப்பினர் தேர்வு நாளன்று ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியே நோட்டீஸ் போயிற்றா என்று கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் பாளையங்கோட்டையில் ஏமாறுவது வழக்கம். அங்குள்ள பெயர்பெற்ற பள்ளிகளில் பல சிறுபான்மை நிறுவனங்கள். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மற்ற பள்ளி என்றால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், நலிந்த பிரிவில் கேட்டால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். 2025-ல் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது டெல்லி, சென்னைப் பணத் தகராறால். அதற்குள் பல பெற்றோர் கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள், அறிவிப்பு வந்தபின் தாலுகா அலுவலகத்தில் வரிசை நீளும்.

கடையநல்லூர் வாசகி

உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே பட்டியல்தானா?

ராதாபுரம் பூத் ஏஜெண்ட்

சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாக வைத்து மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகப் பிரிக்கும். அதில் பெயர் இல்லாவிட்டால் இதிலும் இல்லை. திருநெல்வேலி, தென்காசி இரண்டுக்கும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. பிரிக்கும்போது ஒரே வீட்டுக்காரர்கள் இரண்டு வார்டில் விழுவது சகஜம். வரைவு வெளியானதும் ஊராட்சி அலுவலகத்தில் போய் வீட்டு எண்ணை வைத்துப் பாருங்கள், பெயரை வைத்துத் தேடினால் கண்ணில் படாது. கிராமத்தில் ஓட்டு நாலு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முத்திரை மை காயாமல் மடித்தால் எதிர்க்கட்டத்திலும் பதியும், அதற்காகவே சீட்டை நெட்டுவாக்கில் முதலில் மடிக்கச் சொல்லுவது.