மாசாமாசம் சமையல் சேலஞ்ச் நடத்துறேன், மூணாவது மாசமே ஆள் குறைஞ்சிருச்சு, என்ன பண்ணலாம்?

அடுப்படிவாசம்
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா சமையல் பிளாக் எழுதுறேன், சிறுதானியமும் எங்க விருதுநகர் பக்கத்து சமையலும்தான் அதிகம். புதுசா ஆள் வரணும்னு தை மாசத்துல ஒரு சேலஞ்ச் ஆரம்பிச்சேன். மாசத்துக்கு ஒரு பொருள், அத வச்சு என்ன வேணா செஞ்சு போட்டோ அனுப்பணும், நல்லா செஞ்சவங்களுக்கு ஒரு இரும்பு தோசைக்கல் பரிசு. தையில தினை, 41 பேர் அனுப்புனாங்க, எனக்கு தூக்கமே வரல சந்தோசத்துல. மாசிக்கு வாழைப்பூ 17. பங்குனிக்கு பிரண்டை வச்சேன், வெறும் 6. விட்டுடலாமான்னு வீட்டுல கேக்குறாங்க, எனக்கு விட மனசில்ல. இதுமாதிரி தொடர்ந்து நடத்துனவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

கல்சட்டி
விடாதீங்க தோழி. முதல்ல ஒண்ணு எண்ணிப் பாருங்க, அந்த 41 பேர்ல எத்தன பேர் மாசியிலயும் வந்தாங்க? மொத்த எண்ணிக்கைய விட அதுதான் முக்கியம். தோசைக்கல்லுக்காக வந்தவங்க அது வேற ஆளுக்கு போனதும் போயிருவாங்க, நானும் ஒரு வருசம் குக்கர் பரிசு குடுத்து பாத்தேன், பரிசு யாருக்குன்னு அறிவிச்ச மறுநாளே பேஜ் காலி. அப்புறம் பரிசையே எடுத்துட்டு, வந்த எல்லா போட்டோவும் பேரோட, அவங்க எப்படி செஞ்சாங்கன்னு ரெண்டு வரியோட ஒரே பதிவா போட ஆரம்பிச்சேன். தன் பேர் வந்த பதிவ ஒவ்வொருத்தரும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க பாருங்க, அங்கருந்து வந்தவங்கதான் எனக்கு நின்னாங்க. போட்டோ போட முன்னாடியே ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, சிலருக்கு பேர் வர்றது பிடிக்காது.

இன்னொண்ணு, வாழைப்பூவும் பிரண்டையும் அடுத்தடுத்து வச்சது கஷ்டம்ங்க. வாழைப்பூன்னா ஒவ்வொரு பூவுலயும் நரம்பும் அந்த கண்ணாடி மாதிரி தோலும் எடுத்து மோர்ல போடணும், வேலைக்கு போயிட்டு வர்றவங்க ராத்திரி எட்டு மணிக்கு அத உக்காந்து ஆய முடியுமா. பிரண்டை கைய அரிக்கும்னு தெரிஞ்சே பாதி பேர் தொடமாட்டாங்க. கைல நல்லெண்ணெய் தடவிட்டு பிஞ்சா பாத்து நார் உரிக்கணும், நல்லா வதக்கி புளி சேத்து அரைக்கணும்னு ஒரு வாரம் முன்னாடியே வீடியோ போட்டிருந்தீங்கன்னா இன்னும் பத்து பேர் வந்திருப்பாங்க. ஒரு மாசம் கஷ்டமானது வச்சா அடுத்த ரெண்டு மாசம் எல்லார் வீட்டுலயும் இருக்குறது வைங்க.

பழைய பிளாகர்
2006, 2007ல பிளாக் எழுதுனவங்களுக்கு இது நல்லா தெரியும். மகாநந்தின்னு ஒரு பிளாக் 2006ல ஜிஹ்வான்னு ஒரு மாசாந்திர நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க, மாசம் ஒரு பொருள், ஆனா மாசாமாசம் வேற வேற பிளாகர் நடத்துவாங்க, வந்ததெல்லாம் தொகுத்து போடுறதும் அவங்க வேலைதான். அதனால ஒரு பிளாக் வாசகர்கள் இன்னொரு பிளாக்குக்கு தானா போனாங்க, ஒருத்தர் தலையில எல்லா வேலையும் விழல. அதே வருசம் டேரிங் பேக்கர்ஸ்னு வெளிநாட்டுல ஒண்ணு வந்துச்சு, எல்லாரும் ஒரே ரெசிபிய செய்யணும், குறிச்ச நாள் வரைக்கும் யாரும் வெளிய சொல்லக்கூடாது, அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா போடுவாங்க. உங்ககிட்ட இருக்கவேண்டியது அந்த நாள்தான்னு நான் நினைக்குறேன். தேதி மாறவே கூடாது. ஸ்டோரில டேக் பண்றதோட விட்டா 24 மணி நேரத்துல காணாம போயிடும், ஒரு கூகுள் ஃபார்ம் வச்சு வாங்குங்க.

பனங்கட்டி
அக்கா, நான் டொரோண்டோவில இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். தினைக்கு அனுப்பினனான், பிறகு ரெண்டு மாசமும் அனுப்பேல்ல. மனசில்லாம இல்ல, பிரண்டைக்கு நான் எங்க போறது? ஃப்ரோசன் முருங்கையிலை தமிழ்க் கடையில கிடைக்கும், பச்சைப் பிரண்டை நான் இன்னும் காணேல்ல. ஒவ்வொரு மாசமும் மாற்றுப் பொருள் ஒண்டும் சொன்னா எங்களைப் போல ஆக்களும் சேரலாம். கடைசி நாள் எண்டு போடேக்க எந்த நாட்டு நேரம் எண்டும் போடுங்கோ, ஒருக்கா நீங்கள் பூட்டினாப் பிறகுதான் எனக்கு விடிஞ்சது.

அடுப்படிவாசம்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கல்சட்டி அக்கா சொன்னதும் உக்காந்து எண்ணினேன், மூணு மாசமும் வந்தவங்க நாலே பேர், நாலு பேருக்கும் தோசைக்கல் கிடைக்கல, ஆனா வந்துட்டே இருக்காங்க. அவங்களுக்கு இன்னைக்கு தனித்தனியா எழுதிட்டேன். சித்திரைக்கு மாங்காய். வருசப் பிறப்புக்கு வேப்பம்பூவோட பச்சடி எப்படியும் வைப்பாங்க, மத்தவங்க ஊறுகாய், தொக்கு, சாதம்னு எது வேணா செய்யட்டும். பரிசு கிடையாது. ஒவ்வொரு இங்கிலீஷ் மாசமும் 25ஆம் தேதி, இந்திய நேரம் ராத்திரி பத்து மணிக்கு எல்லாருதும் ஒண்ணா வரும். பனங்கட்டி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், ஆடி மாசத்த நீங்க நடத்துவீங்களா? எங்க பக்கம் அம்மன் கோயில்ல கேப்பைக் கூழ் ஊத்துவோம், உங்க ஊர் ஆடிக்கூழ் வேறன்னு கேள்விப்பட்டிருக்கேன்.

பனங்கட்டி
வேறதான் அக்கா. எங்கட கூழ் இனிப்பு, வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி (உங்கட கருப்பட்டி) போட்டுக் காய்ச்சிறது, ஆடிப்பிறப்பண்டு கொழுக்கட்டையும் அவிப்பம். என்ர பேரே அதுதானே. பனங்கட்டி இல்லாத ஆக்கள் சர்க்கரை, அதுதான் உங்கட வெல்லம், போடலாம். ஓம், நான் நடத்திறன், அம்மாட்டைக் கேட்டு அளவெல்லாம் எழுதி ஆனி முடிய முதல் அனுப்பிறன்.