பனிவெளியில் நின்றுபோன வண்டி

நான் அண்டார்க்டிகாவுக்கு வேலைக்காகப் போனேன் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். சம்பளம் வந்தது, சரி. ஆனால் விண்ணப்பம் போட்டதற்குக் காரணம் அப்பா. நான் நடுக்கடலில் கப்பல் வேலையில் இருந்தபோது தூத்துக்குடியில் காலமானார். மூத்த மகன் நான் இருக்க, சித்தப்பா கொள்ளி வைத்தார். அப்புறம் கேப் டவுனில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் ஓடியும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஆள் அரவமே இல்லாத இடத்துக்குப் போனால் தெளியும் என்று நம்பினேன்.

டிசம்பரில் எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பலில் கிளம்பினோம். அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் கிடந்த, துருவப் பயணி ஷாக்கில்டனின் எண்டியூரன்ஸ் கப்பலை 2022 மார்ச்சில் கண்டுபிடித்தது இந்தக் கப்பலில் போன குழுதான். கடல் கொந்தளிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் வாந்தி எடுத்தோம்.

தென்னாப்பிரிக்காவின் சனாயி 4 ஆய்வுத் தளம் பனித்தட்டின் விளிம்பிலிருந்து சுமார் 170 கி.மீ. உள்ளே, வெஸ்லஸ்கார்வெட் என்ற பாறை மேல், தூண்களில் நிற்கிறது. சேலஞ்சர் டிராக்டர்கள் எரிபொருளையும் சாமானையும் சறுக்குவண்டிகளில் இழுத்துக்கொண்டு போகும். மிதக்கும் பனித்தட்டு, தரையில் ஊன்றிய பனியோடு சேரும் இடத்தை ஹிஞ்ச் சோன் என்பார்கள். அங்கே பனிப் போர்வைக்கு அடியில் பிளவுகள் ஒளிந்திருக்கும். குறித்து வைத்த தடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது.

அதைத் தாண்டியதும் மேகம் கவிந்தது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. நிழலே விழாததால் என் பூட்ஸுக்கு முன்னால் இருப்பது மேடா பள்ளமா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் டிராக்டரின் ஹைட்ராலிக் ஹோஸ், அதாவது அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய், வெடித்தது. குளிரில் அது விறைத்துப் போயிருந்தது.

என்னோடு இருந்த மெக்கானிக், டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன். கனத்த கையுறையோடு ஹோஸின் நட்டைப் பிடிக்கவே முடியாது. மெல்லிய உள்ளுறையோடு நான் இரண்டு சுற்று திருப்புவேன், விரல் மரத்துவிடும். உடனே அவன் தன் ஜாக்கெட்டைத் திறந்து என் கையை அக்குளில் இடுக்கிக்கொள்வான். சூடு ஏறியதும் அவன் முறை, என் அக்குள். ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஹோஸை மாற்றி முடித்தோம்.

வெளிச்சம் தெளியும்வரை தங்கும் கன்டெய்னருக்குள் காத்திருந்தோம். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "அண்ணா, உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டான். 'அண்ணா'வைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அவனுக்குத் தெரிந்த தமிழ், பாட்டியிடம் கேட்டு வளர்ந்தது. சொன்னேன். உப்பளத்தில் உப்பு வாரியவர். உச்சி வெயிலில் அந்த வெள்ளைப் பரப்பு கண்ணைப் பறிக்கும், கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. பனியின் கூச்சத்துக்கு எனக்கு இரண்டு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அப்பாவிடம் இருந்தது தலையில் கட்டிய ஒரு துண்டு மட்டும். இதைச் சொல்லும்போதுதான், அவர் போனதிலிருந்து முதல் முறையாக அழுதேன். அவன் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பனிவெளியைத் தனியாகக் கடக்கத் துணிந்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஜோகன்னஸ்பர்கில் பிறந்த மைக் ஹார்ன், காற்றுப் பட்டம் இழுக்க ஸ்கீயில் 57 நாளில் கண்டத்தையே கடந்து 2017 பிப்ரவரியில் முடித்தார். பிரிட்டனின் ஹென்றி வொர்ஸ்லி 71 நாள் தனியாகப் போராடி, முடிவுக்குச் சுமார் 50 கி.மீ. இருக்கும்போது உதவி கேட்டு அழைத்தார். 2016 ஜனவரியில் சிலி மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த அழைப்பைத் தோல்வி என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்தக் குளிரில் இன்னொரு ஆளைக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

தளத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை மண்வெட்டியால் அள்ளி உருக்கும் தொட்டிக்குள் போட வேண்டும். டாக்டரானாலும் விஞ்ஞானியானாலும் விதிவிலக்கு கிடையாது. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் அள்ளிய பனியில்தான் அன்றைக்குப் பத்துப் பேர் குளித்தார்கள், சமைத்தார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: குளிர்காலம் முழுக்கத் தங்கும் குழுவில் டீசல் மெக்கானிக், மின் பொறியாளர், மருத்துவர், வானிலை ஆய்வாளர் எல்லாருக்கும் இடம் உண்டு. வீட்டில் ஏதாவது துக்கம் நடந்து அதனால் போக நினைத்தால், குழுவில் ஒருவரிடமாவது அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.